முன்பனியில் பட்ட காயம்

மாசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். குன்னூரில் எங்கள் எதிர்வீட்டு அக்கா, செய்தித்தாளில் சுற்றிய ஒரு தொட்டியை இரண்டு கையாலும் ஏந்தியபடி படியேறி வந்தார். உள்ளே ஒரு ஃபெலனாப்சிஸ். நர்சரிகளிலும் பரிசுக் கடைகளிலும் வண்ணத்துப்பூச்சிபோல் பூ விரித்து நிற்குமே, அந்த ஆர்க்கிட். மேலிருந்து இரண்டாவது இலையின் மேல்பக்கம் முழுக்க அம்மை வடு மாதிரிக் குழிகள். சில மஞ்சள், சில பழுப்பு, ஓரிரண்டு கறுப்பு. "தம்பி, போன வாரம்வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்றார்.

இலையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். குழிமேல் விரலை ஓட்டினால் தோல் கிழியவில்லை, வழுவழுப்பாகத்தான் இருந்தது. தோலுக்கு அடியில்தான் ஏதோ உட்கார்ந்து போயிருந்தது. ஈரம் இல்லை, நாற்றம் இல்லை, இலையின் அடிப்பக்கம் சுத்தம். போன வாரம் வந்த நோயாக இது எனக்குப் படவில்லை. மார்கழியில் ஏதோ ஓர் இரவில் பட்ட குளிர்க்காயம்.

நம் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, மார்கழியையும் தையையும் முன்பனி என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும் வைத்திருக்கிறது. மலையில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பிரிவு இன்றைக்கும் கைகொடுக்கிறது. முன்பனியில் இலைக்குப் பட்டது பல சமயம் பின்பனியில்தான் கண்ணுக்குத் தெரியும். குளிர்காலத்து இலைக்கோளாறுகளைப் பற்றி வளர்ப்போர் அனுபவமும் தோட்டக்கலை ஆய்வும் சொல்வதைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு வலுவாகத் தோன்றுவது ஒன்றுதான்: மருந்துப் புட்டியைத் தேடுவதற்கு முன், காயம் பட்ட நாளைத் தேட வேண்டும். குளிர்காலத்தில் நம் கைக்கு வரும் இலைகளில் பல கிருமியால் கெட்டவை அல்ல. குளிரும் ஈரமும் அசையாத காற்றும் சேர்ந்து கெடுத்தவை. அவற்றின்மேல் மருந்து அடிப்பது காயத்தின்மேல் காயம்.

எந்த ஊர்ச் செடி?

ஆர்க்கிட் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அந்தக் குடும்பத்தில் 25,000-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒன்றுக்கு இதமான குளிர் இன்னொன்றைக் கொல்லும். ஃபெலனாப்சிஸ் தென்கிழக்கு ஆசியாவின் வெப்பக் காடுகளில் மரக்கிளையில் தொங்கி வளர்ந்த செடி. இரவு 16 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகாமல் இருந்தால் அதற்கு நிம்மதி. 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இலை அடிபடும். இத்தனைக்கும் பூந்தண்டு விடுவதற்கு அதற்குக் கொஞ்சம் குளிர் வேண்டும். 26 டிகிரிக்குக் கீழே சில வாரங்கள் இருந்தால்தான் மொட்டுத் தண்டு எழும் என்பது வணிக வளர்ப்போரின் அடிப்படைப் பாடம். பூக்க வைக்கும் குளிர் வேறு, புண்ணாக்கும் குளிர் வேறு.

சிம்பிடியம் நேர் எதிர். இமயமலை அடிவாரச் சரிவுகளிலிருந்து வந்த இனங்களின் கலப்பு அது. 10 டிகிரியை ஒட்டிய இரவுகள் அதற்குத் தேவை, அது கிடைக்காமல்தான் சென்னையில் சிம்பிடியம் பூக்காமல் வெறும் புல்லாக நிற்கிறது. சிக்கிமின் மாநில மலரான டென்ட்ரோபியம் நோபிலியும் குளிரைக் கேட்கும் செடிதான். ஆனால் பூக்கடைகளில் விற்கும் ஊதா நிற டென்ட்ரோபியம் வெப்பம் விரும்பி. வாண்டா ஆர்க்கிட்டும் அப்படியே. ஒரே பெயருள்ள இரண்டு டென்ட்ரோபியங்களை ஒரே பலகையில் வைத்து ஒரே மாதிரி நடத்தினால் இரண்டில் ஒன்று வாடும். ஆகவே இலையைப் பார்க்கும் முன் செடியின் ஊரைக் கேட்க வேண்டும்.

உறையாமலே பட்டுப்போவது

குளிரால் வரும் சேதம் இரண்டு வகை, இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம். ஒன்று உறைதல், அதாவது இலைக்குள் நீர் பனிக்கட்டியாவது. மற்றது, உறைநிலைக்கு எவ்வளவோ மேலேயே வெப்பமண்டலச் செடிகளைத் தாக்கும் குளிர்க்காயம். அக்காவின் செடிக்கு வந்தது இந்த இரண்டாவது.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. வெயிலில் இளகியும் பனிக்காலத்தில் உறைந்தும் நிற்கும் தேங்காய் எண்ணெயை நினைத்துக்கொள்ளலாம். வெப்பநாட்டுச் செடியின் சவ்வு, குளிர் ஓர் எல்லையைத் தாண்டினால் அப்படி இறுகுகிறது. இறுகிய சவ்வு கசியும், உள்ளே இருக்க வேண்டிய உப்பும் நீரும் வெளியேறும், செல் சரிந்துவிடும். ஃபெலனாப்சிசில் இது எப்படி நடக்கிறது என்பதை மெக்கானல், ஷீஹன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-இல் இலைத்திசுவின் உடற்கூறு வழியாக விளக்கினார்கள். புறத்தோல் அப்படியே இருக்க, உள்ளே இலையிடைத் திசுவின் செல்கள் குலைந்து போகின்றன. கூரை நிற்க, உள்சுவர்கள் விழுந்த வீடு மாதிரி. தோல் கிழியாமல் பள்ளம் மட்டும் தெரிவதன் காரணம் இதுதான்.

குளிர் படும்போது இளசாக, குருத்தை ஒட்டி இருந்த இலைகளே அதிகம் அடிபடும். அந்த இலை வளர்ந்து நீண்டு, குலைந்த செல்கள் காய்ந்து நிறம் மாறுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் நாம் குளிரை மறந்துவிட்டிருப்போம். குழிகளைப் பார்த்ததும் 'ஏதோ பூஞ்சை' என்று கடைக்கு ஓடுவது இந்த மறதியால்தான். குளிர்ந்த காற்று மட்டும் இதற்குக் காரணமல்ல. மார்கழி விடியலில் மாடித் தொட்டியிலிருந்து வரும், விரல் விறைக்கும் தண்ணீரை இலைமேல் ஊற்றினாலே போதும். எங்கெங்கே நீர் ஓடி நின்றதோ அங்கங்கே வரிவரியாகப் பள்ளம் விழும்.

இதற்கு வைத்தியம்? சரிந்த செல் எழாது. குழி குழியாகவே இருக்கும். பச்சையாக உள்ள மீதி இலை இன்னும் உணவு தயாரிக்கிறது, அதனால் வெட்ட வேண்டாம். குழிக்குள் கிருமி ஏறாமல் இருக்க இலையை உலர்வாக வைத்தால் போதும்.

உறைபனி வேறு கதை. நீலகிரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீர்ப்பனி, உறைபனி என்று இரண்டையும் பிரித்துச் சொல்லும் வழக்கம் உண்டு. ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் பனி தொடங்கியதும் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடி வைப்பார்கள். பார்ப்பதற்கு எளிய ஏற்பாடு, ஆனால் அதன் பின்னால் நல்ல இயற்பியல் இருக்கிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் இலை தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு இழக்கும். காற்று 2 அல்லது 3 டிகிரி காட்டும்போதே இலையின் மேற்பரப்பு பூஜ்யத்தைத் தொட்டுவிடும். வானத்துக்கும் இலைக்கும் நடுவே ஒரு மறைப்பு இருந்தால் அந்த இழப்பு குறையும். மிலாரோ, சணல் சாக்கோ, வீட்டுத் தாழ்வாரத்தின் ஓட்டுக் கூரையோ எதுவானாலும் சரி. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஒரே தோட்டத்தில் மேல்படியில் வைத்த சிம்பிடியம் தப்பி, கீழ்ப்படியில் வைத்தது கருகுவதை நான் பார்த்திருக்கிறேன்.

உறைந்த இலை கண்ணாடிபோல் மங்கலாக, வேகவைத்த கீரை நிறத்தில் தெரியும். அந்த நேரத்தில் அதைத் தொடவோ வளைக்கவோ கூடாது. காலை வெயில் நேராகப் படாமல் மறைத்து, மெதுவாக இளக விட வேண்டும். பிறகு பொறுமை. எது செத்தது எது பிழைத்தது என்று இலையே கோடு போட்டுக் காட்ட ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். அதன்பிறகு கத்தியை எடுக்கலாம்.

உதிர்வது எல்லாம் நோயல்ல

குளிர்காலத்தில் அதிகம் வீணாகும் மருந்து, உதிரவேண்டிய நேரத்தில் உதிரும் இலைக்கு அடிக்கும் மருந்துதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் டென்ட்ரோபியம் பார்பட்டுலம் இலை முழுவதையும் கொட்டிவிட்டு வெறுந்தண்டில் வெண்பூக்களைச் சூடும். நோபிலியும் குளிரில் பல இலைகளை மஞ்சளாக்கி உதிர்க்கும். நீலகிரிப் புல்வெளிகளில் தரையில் வளரும் சத்தீரியம் நேபாளன்ஸ், பூத்து முடிந்ததும் மேல்பகுதி முழுக்க மடிந்து, மண்ணுக்குள் கிழங்காக ஒடுங்கிவிடும். இறந்தது என்று எண்ணித் தொட்டியைக் கவிழ்த்தவர்கள் உண்டு.

நோபிலியின் இலை மஞ்சளாவதைக் கண்டு பரிவோடு தண்ணீரும் உரமும் கொடுத்து, வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? பூமொட்டாக மாற வேண்டிய கணுக்களெல்லாம் குட்டிச்செடிகளாக முளைக்கும். அந்த ஆண்டு பூ இல்லை. தண்டு கெட்டியாக இருந்து, கீழிருந்து மேலாக இலை ஒவ்வொன்றாகச் சீராக மஞ்சளானால் அது ஓய்வு. தண்டே மெத்தென்று கறுத்து, இலை பச்சையாக இருக்கும்போதே கழன்று விழுந்தால்தான் பயப்பட வேண்டும். ஃபெலனாப்சிசிலும் அடியில் உள்ள மூத்த இலை ஆண்டுக்கு ஒன்றிரண்டு மஞ்சளாகிக் காய்வது இயல்பு. அதைப் பிடித்து இழுக்காமல், தானாக விழட்டும் என்று விடுவது நல்லது.

நிறம் சொல்வது

இலையில் சிவப்போ ஊதாவோ ஏறினால் பலரும் பதறுவார்கள். குளிரும் நல்ல வெளிச்சமும் சேர்ந்தால் இலை தன்னைக் காத்துக்கொள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமியைச் சேர்க்கிறது. காட்லியாவிலும் சில ஆன்சிடியங்களிலும் மெல்லிய செம்மை தெரிந்தால் வெளிச்சம் நிறைவாக இருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். மூத்த இலைகளில் மட்டும் நரம்புக்கிடையே மஞ்சள் ஓடி, அதன்மேல் சிவப்பு ஏறினால் மக்னீசியம் குறைவு என்று சந்தேகிக்கலாம். ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் எப்சம் உப்பு கரைத்து மாதம் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம்.

குளிர்காலத்தில் வெயில் சுடுமா என்று கேட்பார்கள். சுடும். குன்னூரில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுவதால் தெற்கு ஜன்னலுக்குள் வெயில் எட்டாது. டிசம்பரில் அது தெற்கே சாய்ந்து, அதே ஜன்னல் வழியாக அறையின் பாதிவரை நீளும். கோடையில் பத்திரமாக இருந்த தொட்டி, நகர்த்தாமலே வெயிலுக்கு வந்துவிடுகிறது. போதாததற்கு, ஃபெலனாப்சிஸ் தன் இலைத்துளைகளை இரவில் திறந்து பகலில் மூடி வைக்கும் செடி. பகலில் நீராவி விட்டு இலையைக் குளிர்வித்துக்கொள்ள அதனால் முடியாது. காற்று சில்லென்று இருக்கும்போதே இலை கொதிக்கும். நண்பகலில் இலையைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதே சோதனை. கைக்குச் சூடாகத் தெரிந்தால் அன்றே நகர்த்த வேண்டும். வெயில்சூட்டுப் புள்ளி இலை வளைந்து சூரியனைப் பார்க்கும் மேட்டில் மட்டும் வரும். முதலில் வெளுத்து, பிறகு காய்ந்த காகிதம்போல் ஆகி, அதோடு நின்றுவிடும். பரவாது.

பரவுகிறதா என்பதுதான் அடுத்த பெரிய கேள்வி. அதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. புள்ளியின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி விடுங்கள். இரண்டு நாள் கழித்து நிறம் கோட்டைத் தாண்டியிருக்கிறதா பாருங்கள். நான் அறிந்த நோயறி முறைகளில் இதைவிட மலிவானதும் நம்பகமானதும் இல்லை. குளிர்க்காயமும் வெயில்சூடும் கோட்டைத் தாண்டுவதில்லை. தாண்டுவது கிருமி.

கோட்டைத் தாண்டுபவை

பாக்டீரியா அழுகல் தொடக்கத்தில் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒளி ஊடுருவும் ஈரப் புள்ளியாகத் தெரியும், சுற்றிலும் மஞ்சள் வளையம் இருக்கலாம். விரலால் அழுத்தினால் நீர் கசியும். முன்பு எர்வினியா என்று அழைத்து, இப்போது பெக்டோபாக்டீரியம், டிக்கியா என்று பிரித்திருக்கும் மென்னழுகல் கிருமிகள் என்றால் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் மூக்கைத் துளைக்கும். இவை வெப்பத்தில் வேகமாக ஓடுபவை. குளிரில் ஊர்ந்துகொண்டிருந்துவிட்டு, குளிருக்குப் பயந்து நாம் அறையை மூடிச் சூடாக்கியதும் வேகமெடுக்கும். பாலித்தீன் கூடாரங்களில் விடியற்காலை கூரையிலிருந்து சொட்டும் நீர்த்துளிகள் குருத்தில் விழுவதுதான் பெரும்பாலும் இவற்றின் வாசல்.

கருப்பழுகல் இன்னொரு வகை. இதைச் செய்யும் ஃபைட்டோஃப்தோராவும் பித்தியமும் பூஞ்சைபோலத் தோன்றினாலும் பூஞ்சை அல்ல, நீர்வாழ் பாசிகளுக்கு உறவு. ஊட்டி உருளைக்கிழங்கு விவசாயிகள் கருகல் என்று அஞ்சும் நோய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. குளிரும் ஈரமும் இதற்குக் கொண்டாட்டம். இலையடியிலோ குருத்திலோ ஊதா கலந்த கறுப்பு தொடங்கி, இலை பச்சையாக இருக்கும்போதே கையோடு வந்துவிடும். பூஞ்சை அல்ல என்பதால் கார்பன்டசிம் இதை ஒன்றும் செய்யாது. வீட்டுத் தோட்டக்காரர்கள் எதற்கெடுத்தாலும் அடிக்கும் மருந்து அதுதான். மெட்டலாக்சில், ஃபோசெட்டைல் அலுமினியம் போன்றவைதான் இங்கே வேலை செய்யும், அதுவும் குருத்து முழுதும் கறுக்கும் முன் கொடுத்தால்.

உண்மையான பூஞ்சைப் புள்ளிகள் நிதானமானவை. ஆந்த்ராக்னோஸ் பெரும்பாலும் இலை நுனியில் தொடங்கும். பழுப்பில் கரும்பழுப்பு வளையம் வளையமாக, மரத்தின் வருட வளையம்போல் உள்நோக்கி நகரும். வெயிலிலோ குளிரிலோ ஏற்கனவே செத்த திசுவில் குடியேறுவது இதன் பழக்கம். அதனால் ஆந்த்ராக்னோசைக் கண்டால் அதற்குமுன் அந்த இலைக்கு என்ன நேர்ந்தது என்றும் கேட்க வேண்டும். பூக்களில் மூடுபனிக் காலத்தில் வரும் சிறு பழுப்புப் புள்ளிகள் போட்ரைட்டிஸ். இலையை அது அதிகம் தொடாது. புள்ளி விழுந்த பூவைக் கிள்ளிப் போட்டு, காற்றோட்டம் கொடுத்தால் அடங்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் வைத்தியம் பிளேடுதான். புள்ளியை ஒட்டி வெட்டுவது வீண். நல்ல பச்சைக்குள் இரண்டு சென்டிமீட்டருக்குமேல் தள்ளி வெட்ட வேண்டும். வெட்டுமுகத்தைப் பாருங்கள்: நரம்புகளில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் நோய் இன்னும் உள்ளே இருக்கிறது, இன்னும் தள்ளி வெட்டுங்கள். வெட்டுமுகம் சுத்தமாக வெளிர்பச்சையாக வந்தால் சமையலறையின் இலவங்கப்பட்டைத் தூளை அதன்மேல் தடவலாம். பட்டைக்குப் பூஞ்சையை அடக்கும் தன்மையும் காயத்தை உலர்த்தும் தன்மையும் உண்டு. அதே காரணத்தால் அது வேரில் படக்கூடாது, வேரையும் உலர்த்திவிடும். குருத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி நுரை பொங்குவதைக் கண்டு திருப்தி அடைகிறவர்கள் பலர். அது கிருமியோடு சேர்த்து நல்ல செல்களையும் பொசுக்குகிறது. குருத்தில் தேங்கிய தண்ணீரை எடுக்க ஒரு துணித்திரி அதைவிட நல்லது.

தாமிர மருந்துகளைப் பற்றி நீலகிரியில் தனியாகச் சொல்ல வேண்டும். திராட்சைக் கொடியின் நோய்க்காக மில்லார்டே என்ற ஆய்வாளர் 1885-இல் பிரான்சில் வெளியிட்ட போர்டோ கலவையின் வாரிசுகள் இங்கே தேயிலையின் கொப்புள நோய்க்காக அடிக்கப்படுகின்றன. எஸ்டேட்டில் மிஞ்சிய காப்பர் ஆக்சிகுளோரைடு பொட்டலம் அக்கம்பக்கத்து ஆர்க்கிட் தொட்டிகளுக்கும் வந்துசேரும். பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் சேர்த்துக் கேட்கும் மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் டென்ட்ரோபியங்களுக்குத் தாமிரம் ஆகாது. பூவிலும் மொட்டிலும் படக்கூடாது. குளிர்ந்த, ஈரம் காயாத நாளில் அடித்தால் தாமிரம் கரைந்து இலைக்குள் இறங்கிப் புதிதாகப் புள்ளி போடும். அடித்தவர் அதை நோய் முற்றியதாக எண்ணி மறுபடி அடிப்பார். அடித்தே தீரவேண்டும் என்றால், காலையில் அடித்தது மதியத்துக்குள் காய்கிற வெயில் நாளாகப் பார்த்து அடியுங்கள்.

வேரில் தொடங்குவது

இலை சுருங்கித் தோல்போல் தொங்கினால் தண்ணீர் போதவில்லை என்று தோன்றுவது இயற்கை. குளிர்காலத்தில் பெரும்பாலும் காரணம் நேர்மாறாக இருக்கும். கடையில் வாங்கிய ஃபெலனாப்சிசின் வேர் நடுவே இறுக்கிய பாசி உருண்டை இருக்கும். சமவெளிக் கோடையில் மூன்று நாளில் காய்கிற அந்தப் பாசி, மலைக் குளிரில் இரண்டு வாரமானாலும் ஈரமாகவே இருக்கும். வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேர் நீர் உறிஞ்சாது, ஈரத்தின் நடுவே செடி தாகத்தால் சுருங்கும். அதைக் கண்டு இன்னொரு குவளை ஊற்றுவோம்.

தொட்டியிலிருந்து எடுத்து வேரைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக வெள்ளையோ பச்சையோ இருந்தால் உயிர். அழுத்தினால் உறை கழன்று நடுவே நூல் மட்டும் கையில் வந்தால் போனது. போனதை வெட்டி, பாசியை உதறி, கரித்துண்டும் ஓட்டுச் சில்லும் கலந்த புதுக் கலவையில் வைத்து, வேர்ப்பகுதியைச் சற்று வெதுவெதுப்பாக வைத்தால் பின்பனி முடிவதற்குள் புது வேர்நுனி தெரியும். சுருங்கிய பழைய இலை முழுதாக நிமிராது. அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். புது இலை முந்தையதைவிடப் பெரிதாக வருகிறதா என்பதே கணக்கு. குருத்தே அழுகிப்போன ஃபெலனாப்சிசும் வேர் நன்றாக இருந்தால் அடியிலிருந்து பக்கக்கன்று விடும். குப்பையில் போடும் முன் மூன்று மாதம் பொறுங்கள்.

சிம்பிடியத்தின் இலை நுனி மட்டும் கறுப்பது பெரும்பாலும் கலவையில் சேர்ந்த உரஉப்பு. குளிரில் செடி உண்ணாதபோதும் வாராவாரம் உரம் ஊற்றியதன் கணக்கு அது. வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு, உரத்தைப் பாதியாகக் குறைத்தால் போதும்.

வைரசும் பேனும்

குளிர்க்குழியோடு மிக அதிகமாகக் குழம்புவது வைரஸ். சிம்பிடியத்தின் மொசைக் நோயை ஜென்சன் என்ற ஆய்வாளர் 1950-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் விவரித்த பிறகு, அந்த வைரசும் ஒடொன்டோகிளாசம் வளையப்புள்ளி வைரசும் உலகமெங்கும் ஆர்க்கிட் தோட்டங்களில் தென்பட்டிருக்கின்றன. இலையில் வெளிர் வரிகள், பிறகு பழுப்பு, கறுப்புக் கோடுகள், பள்ளங்கள். பார்த்தால் குளிர்க்காயம் மாதிரியே இருக்கும். பிரித்தறிய நான் பார்ப்பது இரண்டு. குளிர்க்காயம் ஒரே வயதுள்ள இலைகளில், ஜன்னல் பக்கம் இருந்த எல்லாச் செடிகளிலும் ஒரே காலத்தில் தெரியும். வைரஸ் இடம் பார்க்காது, கோடையில் பிறந்த புது இலையிலும் மறுபடி அதே வரிகளைக் காட்டும். முடிவாகச் சொல்ல, இலைச்சாற்றில் நனைத்தால் சில நிமிடத்தில் கோடு காட்டும் சோதனைப் பட்டைகள் உள்ளன. விலைமதிப்புள்ள சேகரிப்பு வைத்திருப்பவர்கள் அவற்றை வாங்குவது நல்லது, ஏனென்றால் இதற்கு மருந்தே கிடையாது. ஒரு செடியை வெட்டிய கத்தியால் அடுத்ததை வெட்டும்போது சாறு வழியாகப் பரவுகிறது. சவரப் பிளேடு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய். ஒரு செடிக்கு ஒரு பிளேடு என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. கத்தியே வேண்டும் என்றால் நெருப்பில் சிவக்கக் காட்ட வேண்டும். ஸ்பிரிட்டில் துடைப்பதை இதற்கு நம்பக்கூடாது.

சிலந்திப் பேனைப் பலர் குளிர்காலத்தில் எதிர்பார்ப்பதில்லை. ஹீட்டர் போட்ட அறையின் வறண்ட காற்று அதற்கு மிகவும் பிடிக்கும். இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் மங்கினால், வெள்ளைக் கைக்குட்டையால் ஒருமுறை துடையுங்கள். துணியில் செம்பழுப்புக் கறை படிந்தால் பேன். ஈரத்துணியால் இரண்டு பக்கமும் வாரம் ஒருமுறை துடைப்பதே பாதி வைத்தியம். வேப்பெண்ணெய் அடிப்பவர்கள் மாலைக் குளிரில் அடிக்காதீர்கள், இலை இரவெல்லாம் எண்ணெயும் ஈரமுமாகக் கிடக்கும்.

அடுத்த மார்கழிக்கு

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-இல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். தென்னாட்டு ஆர்க்கிட்டுகளை மலைக் காலநிலையில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நல்ல இடம். செடிக்கு ஊரைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் காப்பு என்பதை அங்கே கண்ணால் காணலாம். ஊட்டியிலோ குன்னூரிலோ ஃபெலனாப்சிஸ் வளர்க்கத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை, குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலையைக் குறித்து வைக்கும் வெப்பமானி. செடி இருக்கும் உயரத்திலேயே, ஜன்னல் கண்ணாடியிலிருந்து செடி எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் அதை வைக்க வேண்டும். அறை நடுவே 14 டிகிரி காட்டும் இரவில் கண்ணாடியை ஒட்டிய இலை அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும்.

தண்ணீரை முந்தின இரவே வீட்டுக்குள் வாளியில் பிடித்து வையுங்கள், பத்து மணி வெயிலில் ஊற்றுங்கள், சூரியன் சாயும்முன் குருத்து காய்ந்ததா என்று விரல் விட்டுப் பாருங்கள். மூடிய அறையில் சிறு மின்விசிறி மெதுவாகச் சுழலட்டும், காற்று செடிமேல் நேராக வீசாமல் சுவரில் பட்டுத் திரும்பும்படி. ஐப்பசியிலிருந்தே தழைச்சத்தைக் குறையுங்கள். கொழுத்து மெதுமெதுப்பாக வளர்ந்த இலைதான் பனிக்கு முதலில் இரையாகும்.

அக்காவிடம் மார்கழியில் அந்தத் தொட்டி எங்கே இருந்தது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "கிறிஸ்துமஸ் லீவுக்குப் பேரன் வந்திருந்தான். ஹால்ல அவன் கட்டில் போட இடம் பத்தலைன்னு இதைத் தூக்கிச் சமையல்கட்டு ஜன்னல்ல வச்சேன். அந்த ஜன்னல் சரியா மூடாது." இரண்டாவது இலையின் நீளத்தைக் கையால் அளந்து பார்த்தேன். டிசம்பர் கடைசியில் அது குருத்தைவிட்டு விரலளவு வெளியே வந்திருக்கும். கணக்கு சரியாக வந்தது.

மருந்து எதுவும் கொடுக்கவில்லை. தொட்டியின் பக்கவாட்டில் ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டி, அன்றைய தேதியையும் 'டிசம்பர் குளிர்' என்றும் எழுதினோம். பெரிய குழியின் ஓரத்தில் பேனாக்கோடு ஒன்று. பங்குனியில் அக்கா மறுபடி எடுத்து வந்தபோது குழி கோட்டுக்குள்ளேயேதான் இருந்தது. அதற்கு மேலே, குழியில்லாத புது இலை ஒன்று கட்டைவிரல் நீளத்துக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.